‘மே நாட்’ என்றால் கூடாதா, இல்லாமலும் போகலாமா?

ஒன்பதே சொல் கொண்ட ஓர் ஆங்கில வாக்கியம் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. சரி, அது கொஞ்சம் அதிகப்படி, தூங்கினேன். ஆனால் குளிக்கும்போதும், பைக்கில் சிக்னலுக்கு நிற்கும்போதும், யாரோ என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது வந்து போய்க்கொண்டே இருந்தது. வாக்கியம் இதுதான்: ‘தி ஓஎன்டி மே நாட் டிரான்ஸ்மிட் அன்டில் இட் இஸ் ஆக்டிவேட்டட்.’

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். வங்கிப் படிவம், இன்சூரன்ஸ் துண்டறிக்கை, மிக்ஸி கையேடு என்று கிடைப்பதைச் செய்வேன். போன வருடம் ஃபைபர் இணைய இணைப்புக்கான கருவிகளை விற்கும் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) வீடுவீடாகப் போய் இணைப்புக் கொடுக்கிற பையன்களுக்காக 60 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் கேட்டது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். பணம் ஆங்கிலச் சொல் கணக்குக்கு. ஒன்பது சொல் வாக்கியத்துக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், டீ குடிக்கலாம், வடை கஷ்டம்.

முதலில் அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் ஒட்டாது.

ஃபைபர் இணைப்பு வாங்கியவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். ஃபைபர்காரர்கள் அதை ஓஎன்டி என்பார்கள், சிலர் ஓஎன்யூ என்பார்கள், வீட்டில் எல்லாரும் மோடம் என்பார்கள். எதிர்முனையில் ஆபரேட்டரின் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பது ஓஎல்டி. ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே ஒரு ஃபைபர்தான் கிளம்பும். அது வழியில் ஸ்ப்ளிட்டர்களில் பிரிந்து பிரிந்து 32 வீடு, 64 வீடு என்று போய்ச் சேரும். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டும் கிடையாது, மூளையும் கிடையாது. மேலிருந்து வருகிற ஒளியைப் பங்கு போடும், கீழிருந்து வருவதை ஒன்றாகச் சேர்த்து மேலே விடும். அவ்வளவுதான் அதன் வேலை.

மேலிருந்து கீழே வருவதில் பெரிய சிக்கல் இல்லை. 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் எல்லாமே எல்லா வீட்டுக்கும் போகும், அவரவர் பங்கை அவரவர் பெட்டி எடுத்துக்கொள்ளும். சிக்கல் கீழிருந்து மேலே போவதில்தான். 64 பெட்டியும் அதே ஃபைபரில், அதே 1310 நானோமீட்டரில் பேசியாக வேண்டும். இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் லேசரைப் போட்டால் ஓஎல்டிக்கு இரண்டுமே விளங்காது. அதனால் இந்த மாதிரி இணைப்பில் (ஜிபான் என்பார்கள்) ஓஎல்டிதான் வாத்தியார். நீ இப்போது பேசு, இவ்வளவு பேசு, நிறுத்து, அடுத்தவன் பேசு என்று நொடிக்கு 8000 தடவை, அதாவது 125 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை பட்டியல் போட்டுக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். தன் முறை வராதபோது பெட்டியின் லேசர் அணைந்திருக்க வேண்டும்.

இதில் தூரக் கணக்கு வேறு. ஃபைபருக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோசெகண்ட் ஆகும். பக்கத்துத் தெருவில் ஒரு பெட்டி, 15 கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்து வீட்டில் ஒரு பெட்டி என்றால், இரண்டும் சொன்னவுடன் பேசினாலும் சத்தம் மேலே வந்து சேரும் நேரம் வேறு வேறு. அதற்காக ஓஎல்டி ஒவ்வொரு பெட்டியின் போக்குவரத்து நேரத்தையும் அளந்து, நீ இவ்வளவு பொறுத்துப் பேசு என்று தனித்தனியாகச் சொல்லிவைக்கும். இந்த அளவெடுப்புக்கு ரேஞ்சிங் என்று பெயர். புதுப் பெட்டி ஒன்று சேரும்போது அதன் சீரியல் நம்பரைக் கேட்டு, ரேஞ்சிங் செய்து, ‘இனி நீ வேலை செய்யலாம்’ என்ற நிலைக்குக் கொண்டுவரும் மொத்தச் சடங்குக்கும் உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.984.3 என்ற ஆவணத்தில் ஆக்டிவேஷன் என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது ஒரு வம்பு செய்யும்.

இது எதுவும் அந்த வாக்கியத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தெரியாது. ‘மே’ என்றால் ‘லாம்’ என்று பழகிய கை. ‘ஆக்டிவேட் ஆகும் வரை ஓஎன்டி சிக்னல் அனுப்பாமல் இருக்கலாம்’ என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

வரைவு முடிந்ததும் என் சித்தி மகனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். அவன் திருமங்கலம் பக்கம் ஒரு கேபிள் ஆபரேட்டரிடம் ஃபைபர் வேலை பார்க்கிறான். கம்பத்தில் ஏறுவது, ஃபைபரை ஒட்டி ஸ்ப்லைசிங் போடுவது, ராத்திரி பதினோரு மணிக்கு ‘நெட் வரலை’ என்று திட்டு வாங்குவது எல்லாம் அவன்தான். அவன் மாதிரி ஆட்களுக்குத்தானே இந்தக் கையேடு, அவனுக்கே புரியாவிட்டால் எனக்கு என்ன மரியாதை? இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

“அண்ணே, பதினேழாம் பக்கத்துல அனுப்பாமல் இருக்கலாம்னு போட்டிருக்கீங்களே, அப்ப சில பெட்டி அனுப்பும், சில பெட்டி அனுப்பாதாண்ணே?”

“ஆமாடா, அப்படித்தான் இங்கிலீஷ்ல இருக்கு.”

“அப்படி அனுப்புச்சுன்னா அந்தப் பெட்டிய நாங்க அடிச்சே கழட்டிருவோம்ணே.”

அப்புறம் அவன் சொன்ன கதைதான் என்னை உட்கார வைத்தது. ஒருநாள் ஒரு போர்ட்டில் இருந்த அத்தனை வீட்டிலும் நெட் போய்விட்டது. வயர் அறுந்தால் பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக மின்னும். ஆனால் எங்கேயும் சிவப்பு இல்லை. பவர் மீட்டர் (ஒளியின் பலத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் மைனஸ் 20, மைனஸ் 21 டிபிஎம் என்று அருமையாக வருகிறது. (இந்த வகைப் பெட்டிகளுக்கு மைனஸ் 27 வரை தாங்கும் என்பது கணக்கு, மைனஸ் 21 என்றால் கல்யாண வீட்டு வெளிச்சம்.) கீழே வருகிற ஒளி நன்றாக இருக்கிறது, ஓஎல்டியோடு சேர்ந்துவிட்டால் நிலையாக எரிய வேண்டிய பான் விளக்கு மட்டும் எல்லா வீட்டிலும் மின்னிக்கொண்டே இருக்கிறது, ஒரு பெட்டியும் ஓஎல்டியில் பதியவில்லை. அரை நாள் தேடியிருக்கிறார்கள். கடைசியில் ஸ்ப்ளிட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வீட்டு ஃபைபராக உருவிக்கொண்டே வந்தபோது, ஒன்றை உருவியதும் மற்ற எல்லா வீடும் உயிர் பெற்றன. அந்த ஒரு வீட்டுப் பெட்டி, இடி மின்னலில் அடிபட்டதோ என்னவோ, லேசரை அணைக்காமல் இடைவிடாமல் எரியவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பையன் ஓயாமல் கத்தினால் மற்றவன் பதில் சொல்வது வாத்தியார் காதில் எப்படி விழும்?

இப்படிப்பட்ட பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘ரோக் ஓஎன்யூ’ என்று பெயர். அவர்கள் அதை ‘லூசுப் பெட்டி’ என்கிறார்கள். சோதிப்பதும் எளிது என்றான். பெட்டியிலிருந்து ஃபைபரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் வாயில் ஒரு பேட்ச் கார்டு (இரண்டு முனையிலும் கனெக்டர் உள்ள சின்ன ஃபைபர் துண்டு) போட்டுப் பவர் மீட்டரை 1310-இல் வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து எந்த உத்தரவும் வராத பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மீட்டரில் ஏதாவது நிலையாகக் காட்டினால் அது லூசு. (கண்ணை வைத்து மட்டும் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.)

இப்போது என் மொழிபெயர்ப்பைத் திரும்பப் படியுங்கள். ‘அனுப்பாமல் இருக்கலாம்.’ அதைப் படிக்கிற ஒரு புதுப் பையன், மீட்டரில் 1310 காட்டினால் என்ன நினைப்பான்? சரி, இது அனுப்புகிற வகைப் பெட்டி போலிருக்கிறது என்று திரும்ப மாட்டிவிட்டு வருவான். ஒரு பழுதை நான் அந்தப் பெட்டியின் சுபாவமாக மாற்றி எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியம் சொல்ல வந்தது தடை. ‘அனுப்பக் கூடாது.’

ஆங்கிலத்தில் ‘மே நாட்’ இரண்டு பக்கமும் போகும். வாசலில் காவலாளி ‘யூ மே நாட் என்டர்’ என்றால் உள்ளே போகக் கூடாது. வானிலைக்காரர் ‘இட் மே நாட் ரெயின்’ என்றால் மழை பெய்யாமல் போகலாம். பேசும்போது குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். அச்சில் அந்த உதவி கிடையாது. அதுவும் வாக்கியத்தில் எழுவாய் ஒரு பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம். மனிதனுக்குத்தான் அனுமதி மறுப்போம், பெட்டிக்கு என்ன அனுமதி, அது ஏதோ செய்யும் அல்லது செய்யாது என்றுதான் மனம் முதலில் போகிறது. என் மனம் அப்படித்தான் போனது. ஆனால் தொலைத்தொடர்பு ஆவணங்களில் பெட்டிகளுக்குத்தான் நாள் முழுக்க உத்தரவு போடுகிறார்கள். டெர்மினல் இதைச் செய்ய வேண்டும், நெட்வொர்க் அதைச் செய்யக் கூடாது என்று ஒரே கட்டளை மழை.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை என்பது தேடியபோது தெரிந்தது, மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஐஎஸ்ஓ தரநிலை எழுதுகிறவர்களுக்கான விதிப் புத்தகத்தின் பழைய பதிப்புகளில், தடையைச் சொல்ல ‘ஷேல் நாட்’ போடு, அதற்குப் பதிலாக ‘மே நாட்’ போடாதே என்று வெளிப்படையாகவே இருக்கிறது. மொபைல் நெட்வொர்க்குகளுக்கான விதிகளை எழுதும் 3ஜிபிபி அதே ஏற்பாட்டைத் தன் 21.801 என்ற ஆவணத்தில் எடுத்துக்கொண்டது. அதில் ‘மே’ என்பதன் எதிர்ச்சொல் ‘மே நாட்’ கிடையாது, ‘நீட் நாட்’! செய்யலாம் என்பதன் மறுபக்கம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயம்.

இணையக்காரர்களின் வழி வேறு. அவர்கள் தங்கள் விதிகளை ஆர்எஃப்சி என்று எண் போட்ட ஆவணங்களாக வெளியிடுகிறார்கள். 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2119, ‘மஸ்ட்’, ‘மஸ்ட் நாட்’, ‘ஷுட்’, ‘ஷுட் நாட்’, ‘மே’ என்று சில சொற்களுக்கு மட்டும் பொருளை ஆணியடித்தது. அந்தப் பட்டியலில் ‘மே’ இருக்கிறது, ‘மே நாட்’ இல்லவே இல்லை. அப்படியும் சண்டை ஓயவில்லை. சிறிய எழுத்தில் சாதாரணமாக ‘மஸ்ட்’ என்று எழுதினால் அதுவும் கட்டளையா என்று கேள்வி வந்து, 2017-இல் ஆர்எஃப்சி 8174 என்று இன்னொன்றை வெளியிட்டு, எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தத் தனிப் பொருள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நடுவில் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி, முட்டாள்கள் தினத்துக்காகவே, ஆர்எஃப்சி 6919 வந்தது. அதில் ‘கட்டாயம் செய்ய வேண்டும் (ஆனால் நீ செய்யமாட்டாய் என்று எங்களுக்குத் தெரியும்)’ என்கிற மாதிரி ஒரு கட்டளைச் சொல் இருக்கிறது. எங்கள் வீட்டில் நடைமுறையில் இருப்பது அதுதான்.

இன்னொரு வேடிக்கை. 3ஜிபிபிகாரர்கள் ‘ஷேல்’ போட வேண்டிய இடத்தில் ‘மஸ்ட்’ போடாதே என்கிறார்கள், இணையக்காரர்களுக்கு ‘மஸ்ட்’தான் உச்சக் கட்டளை. ஐடியூவோ, எங்கள் பரிந்துரையைப் பின்பற்றுவது உங்கள் விருப்பம், ஆனால் பின்பற்றுகிறேன் என்று சொல்லிவிட்டால் அதில் ‘ஷேல்’, ‘மஸ்ட்’ என்று வருவதையெல்லாம் செய்தாக வேண்டும் என்று ஒவ்வோர் ஆவணத்தின் முன்பக்கத்திலும் போட்டுவிடுகிறது. ஆக ஒரு சொல்லைப் பார்த்ததும் அது எந்த ஊர்ச் சொல் என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. என் கையேட்டில் இருந்தது எந்த ஊர்ச் சொல்லும் இல்லை. விதிகளைப் படித்த ஒருவர், விதியின் மொழியை விட்டுவிட்டுத் தன் பேச்சு ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

முறைப்படி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். இந்த ‘மே நாட்’ தடையா, சாத்தியமா? ஒன்பது நாள் கழித்து ஒற்றை வரியில் பதில்: இருப்பதை அப்படியே மொழிபெயர்க்கவும்.

அப்படியே! அதுதானே முடியவில்லை. தமிழில் அந்த இரட்டை அர்த்தத்தை அப்படியே தூக்கி வைக்க ஒரு சொல் கிடையாது. ‘அனுப்பக் கூடாது’ என்றால் தடை. ‘அனுப்பாமல் இருக்கலாம்’, ‘அனுப்பாமல் போகலாம்’ என்றால் அது வேறு வீடு. ஏதாவது ஒன்றில் நுழைந்துதான் ஆக வேண்டும், திண்ணையில் உட்கார முடியாது.

அதற்காகத் தமிழ் சுத்தம், ஆங்கிலம் குழப்பம் என்று நான் காலரைத் தூக்கிவிடவும் தயாராக இல்லை. நம் ‘லாம்’ இருக்கிறதே, அது ‘மே’ மாதிரியேதான். ‘நீ போகலாம்’ அனுமதி, ‘மழை வரலாம்’ சாத்தியம். ‘அவர் நாளைக்கு வரலாம்’ என்றால் அவருக்கு அனுமதி கொடுத்தார்களா, இல்லை வருவாரோ மாட்டாரோ என்கிற சந்தேகமா? ‘வேண்டாம்’ அதைவிடப் பெரிய கள்ளன். ‘இங்கே குப்பை கொட்ட வேண்டாம்’ என்று பலகை வைத்தால் அது தடை, கொட்டினால் அடிதான். ‘நீ ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறேன்’ என்றால் அது அவசியமில்லை என்பது, போனால் சந்தோஷம்தான் படுவார்கள். அந்த 3ஜிபிபியின் ‘நீட் நாட்’டை யாராவது ‘வேண்டாம்’ என்று மொழிபெயர்த்தால், விருப்பம்போலச் செய்துகொள் என்ற இடம் செய்யாதே என்று ஆகிவிடும். ‘அனுப்ப வேண்டியதில்லை’ என்று இழுத்து எழுதினால்தான் தப்பிக்கலாம்.

அப்புறம் ‘கூடும்’, ‘கூடாது’. இதை நான் இத்தனை வருடமாகக் கவனிக்கவே இல்லை என்பதுதான் வெட்கம். ‘மழை பெய்யக்கூடும்’ என்றால் சாத்தியம். அதை அப்படியே எதிர்மறையாக்கினால் ‘மழை பெய்யக் கூடாது’. ஆனால் அதற்குப் பெய்யும் சாத்தியம் இல்லை என்றா அர்த்தம்? கல்யாண நாளில் மண்டப வாசலில் நின்று பெண்ணின் அப்பா வானத்தைப் பார்த்துச் சொல்வது அது. ஒரே வினைதான், நேராக நின்றால் சாத்தியத்தைச் சொல்கிறது, தலையைத் திருப்பினால் தடையைச் சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘மே’ போன அதே தடத்தில்தான் நம் ‘கூடும்’ போயிருக்கிறது, நாம் ஒரு கட்டத்தில் ‘கூடாது’வைத் தடைக்கென்றே ஒதுக்கிவிட்டோம், அவர்கள் ஒதுக்காமல் இரண்டுக்கும் வைத்திருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, ‘மே நாட்’ தீர்ந்தது என்று தம்பிக்குப் புது வரியை அனுப்பினேன்: ‘ஆக்டிவேட் ஆகும் வரை ஓஎன்டி சிக்னல் அனுப்பக் கூடாது.’ உடனே பதில்.

“அண்ணே, அப்ப பிளான் போட்டு ஆக்டிவேட் ஆனதுக்கப்புறம் இஷ்டத்துக்கு அனுப்பலாமா?”

வாக்கியத்தின் வாலில் இன்னொரு பாம்பு! அவர்கள் ஊரில் ஆக்டிவேட் என்றால் ஆபீஸில் வாடிக்கையாளருக்குப் பிளான் போட்டு இணைப்பைத் திறந்துவிடுவது. ‘அண்ணே ஆக்டிவேஷன் ஆயிருச்சா’ என்று போனில் கேட்பது அதைத்தான். ஜி.984.3 சொல்லும் ஆக்டிவேஷன், நான் முன்பு சொன்ன சீரியல் நம்பர், ரேஞ்சிங் சடங்கு. பணம் கட்டாத பெட்டியும் அந்தச் சடங்கை முடித்து ஓஎல்டியோடு பேசிக்கொண்டு இருக்கக்கூடும், வாடிக்கையாளருக்கு நெட் மட்டும் வராது. போதாக்குறைக்கு ‘அன்டில்’. ‘அதுவரை கூடாது’ என்றால் அதற்குப் பின் தாராளம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஆக்டிவேட் ஆன பிறகும் பெட்டி தன் முறை வரும்போது மட்டும்தான் பேச வேண்டும். அது மட்டுமா, ஆக்டிவேட் ஆவதற்கு முன்பே, ஓஎல்டி ‘புதிதாக யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்டுச் சற்று நேரம் எல்லாரையும் அமைதியாக்கும்போது, புதுப் பெட்டி தன் சீரியல் நம்பரைச் சொல்லத்தான் செய்யும். சொல்லாவிட்டால் எப்படிச் சேர்வது? ஆக அந்த ஆங்கில வாக்கியம் தடை என்று படித்தாலும் முழு உண்மை இல்லை. ‘டிரான்ஸ்மிட்’ என்பதையும் ஒரு பையன் வைஃபை என்று எடுத்துக்கொள்ளலாம், வைஃபை பெயர் பெட்டியைப் போட்டவுடனே போனில் வந்துவிடுமே என்று தம்பி வேறு கிளப்பிவிட்டான். அன்றைக்கு அவனோடு மேலே பேசவில்லை, போனை வைத்துவிட்டேன்.

இவ்வளவு நோண்ட வேண்டுமா, படிக்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள்தானே, அவர்களே சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். தொழில் தெரிந்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு டிசிபியின் (இணையத்தில் தகவலை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் விதிமுறை) ‘அர்ஜென்ட் பாயின்டர்’ கதை ஒன்றே போதும். 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 793, டிசிபியை வரையறுத்த அது வெகுநாள் இணையத்தின் அஸ்திவாரமாகவே இருந்தது. அவசரத் தகவல் எங்கே முடிகிறது என்று காட்ட அதில் ஓர் எண் உண்டு. ஓரிடத்தில் அந்த எண் அவசரத் தகவலுக்கு அடுத்த பைட்டைக் காட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதே ஆவணத்தில் பல பக்கம் தள்ளி, அனுப்பும் முறையை விவரிக்கும் இடத்தில் ஒன்றைக் கழித்து, கடைசி பைட்டையே காட்டும்படி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பைட் வித்தியாசம். 1989-இல் ஆர்எஃப்சி 1122 வந்து, கடைசி பைட் என்பதுதான் சரி, மற்றது பிழை என்று தெளிவாகச் சொன்னது. அதற்குள் பெர்க்லி யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழியில் எழுதியவர்கள் எல்லாரும் ‘அடுத்த பைட்’ என்று எழுதிப் பரப்பிவிட்டிருந்தார்கள், யாரும் மாற்றவில்லை. 2011-இல் ஆர்எஃப்சி 6093 வந்து, சரி, எல்லாரும் செய்வதையே விதியாக வைத்துக்கொள்வோம் என்று திருத்தத்தைத் திருத்தியது. கூடவே, புதிதாக எழுதுகிறவர்கள் இந்த வசதியைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. முப்பது வருடம்! உலகத்தின் கெட்டிக்காரப் பொறியாளர்கள் படித்த ஆவணம் அது. நம் தம்பி கம்பத்தின் மேல் நின்றுகொண்டு, ஒரு கையில் டார்ச்சோடு படிக்கிற ஆவணத்துக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்?

கடைசியில் நான் செய்தது மொழிபெயர்ப்பு ஒழுக்கப்படி கொஞ்சம் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது சொல்லை விட்டுவிட்டு, அந்த அத்தியாயத்தை முழுக்கத் திரும்பப் படித்தேன். அதே பக்கத்தில் இரண்டு பத்தி தள்ளி, இதற்கு மாறாக நடக்கும் பெட்டியை உடனே கழற்ற வேண்டும் என்று ஒரு குறிப்பு இருந்தது. சாத்தியத்தைச் சொல்கிற வாக்கியத்துக்கு மாறாக எதுவும் நடக்க முடியாதே! ‘மழை பெய்யாமல் போகலாம்’ என்று சொன்னவரிடம் மழை பெய்த பிறகு போய்ச் சண்டை போட முடியுமா? தடை என்பதற்குக் கையேட்டுக்குள்ளேயே கிடைத்த சாட்சி அது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். சொல்லை அகராதியில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தைத் திருப்பியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இப்படி எழுதி அனுப்பினேன்: ‘ஓஎல்டி அனுமதிக்கும் நேரம் தவிர வேறு எந்த நேரத்திலும் ஓஎன்டி ஃபைபருக்குள் ஒளியை அனுப்பக் கூடாது. ரேஞ்சிங் முடிவதற்கு முன்பும் பின்பும் இது பொருந்தும். அனுமதியின்றி அனுப்பும் பெட்டி பழுதானது, உடனே கழற்றவும். (வைஃபைக்கும், பிளான் ஆக்டிவேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)’ கூடவே ஏன் இப்படி என்று ஒரு பக்கக் குறிப்பும், ஆங்கிலத்தில் ‘மே நாட்’டை ‘ஷேல் நாட்’ ஆக்கிவிடுங்கள் என்று ஒரு வேண்டுகோளும். அதற்குப் பதில் வந்தது: தமிழ் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது, கட்டத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தளவைக் குறையுங்கள் என்று எழுதினேன். குறைத்தார்கள்.

கையேடு போன மாதம் அச்சாகி வந்தது. இடது பக்கம் ஆங்கிலத்தில் அதே ‘மே நாட்’ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, வலது பக்கம் எறும்பு எழுத்தில் என் நாலு வரி. தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். அந்தத் தமிழ் வரிகளை மட்டும் கத்தரித்து ஓஎல்டி அறைக் கதவில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். ‘ஒளி’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே ‘லைட்’ என்று எழுதியிருக்கிறான், ‘பழுதானது’ என்ற இடத்தில் ‘லூசு’.